குரல்கள் நின்ற பிறகும் தம்பி ஏன் யாரோடும் சேர மாட்டேன் என்கிறான்?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு அக்கா தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 22 வயது. கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது காதில் யாரோ பேசுவது போலக் கேட்க ஆரம்பித்தது. ஹாஸ்டல் பையன்கள் தன்னைத்தான் ஜாடையாகப் பேசுகிறார்கள் என்று மெஸ்ஸுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போய், அப்புறம் மனநல டாக்டரிடம் காட்டி, மனச்சிதைவு நோயின் தொடக்கம் என்று தெரிந்து, மருந்து ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. குரல் நின்றுவிட்டது. சந்தேகமும் இல்லை. "ஆனா ஆளு பழைய ஆளா இல்லீங்க. ரூமை விட்டு வர்றதில்லை. ஒறம்பரை (உறவுக்காரங்க) வந்தா கதவைச் சாத்திக்கிறான். மாரியம்மன் நோம்பிக்குக்கூட வரலை. கூடப் படிச்ச பசங்க போன் பண்ணுனா எடுக்கறதில்லை. அப்பா சோம்பேறின்னு திட்டறாரு. சின்னம்மா, கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்ங்கறாங்க. மாத்திரைதான் இப்படி ஆக்கிருச்சுங்களா? நிறுத்திப் பாக்கலாமா?" இதுதான் கேள்வி.

நான் ஈரோடு, திருப்பூர் பக்கம் 20 வருடத்துக்கு மேலாக மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். குரல் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் குடும்பம் பயந்துபோய் ஓடியாடும். குரல் நின்ற பிறகு வரும் இந்த மௌனத்தில்தான் குடும்பம் சோர்ந்துபோகிறது.

முதலில் நேர்ப் பதில்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் முறை நோய் வந்தவர்களை 5 வருடம் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் பையன் இழப்பது ஒரு வருடப் படிப்போடு நிற்காது. ஆனால் மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். கல்யாணம் இதற்கு வைத்தியம் இல்லை.

இந்த நோயின் அறிகுறிகளை டாக்டர்கள் இரண்டு கட்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, இல்லாதது புதிதாக வந்து சேர்வது: குரல், சந்தேகம், தொடர்பில்லாத பேச்சு. இன்னொன்று, இருந்தது குறைந்துபோவது: ஒரு காரியத்தை ஆரம்பிக்கும் உந்துதல், வரப்போகும் சந்தோஷத்தை நினைத்துப் பார்ப்பது, ஆள் சேர்க்கை, பேச்சின் அளவு, முகத்தில் தெரியும் உணர்ச்சி. இரண்டாவது கட்டுக்கு 'எதிர்மறை அறிகுறிகள்' என்று பெயர். பெயரைப் பார்த்து, பையனின் குணத்தில் ஏதோ கெடுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கழிந்துபோனவை என்றுதான் அதற்கு அர்த்தம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மன் மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே, இந்த நோயில் மனதின் விருப்பத்தை ஓடவைக்கும் சுருள்வில்லே தளர்ந்துபோகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இப்போதுள்ள மாத்திரைகள் முதல் கட்டை நன்றாக அடக்குகின்றன. இரண்டாவதைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால்தான் டாக்டர் "நல்லா இருக்கான்" என்று சொல்லும்போது உங்களுக்கு நல்லாயிருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். குரல் கேட்க ஆரம்பிப்பதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் தம்பி எப்படி இருந்தான்? லீவுக்கு வந்தபோது பழையபடி மாமன் மகனோடு வண்டியை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு டீ குடிக்கப் போனானா, இல்லை அப்போதே ரூமில் படுத்துக்கிடந்தானா? நிறைய பேருக்கு ஒதுங்குவதுதான் முதலில் வருகிறது, குரல் பிறகுதான் வருகிறது. அப்படி நினைவுக்கு வந்தால், எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது என்பது உங்களுக்கே விளங்கும்.

இப்போது நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம். 'அவனுக்கு யாரையும் பிடிக்கவில்லை, தனியாக இருப்பதுதான் பிடிக்கிறது' என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ரொம்ப காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் இந்த நோய் உள்ளவர்களிடம் ஒரு நாளைக்குப் பல முறை, அந்தந்த நேரத்திலேயே 'இப்போது என்ன செய்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது' என்று கேட்டுப் பதிவு செய்து பார்த்தார்கள். பிடித்த ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி மற்றவர்களுடையதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கிறது. குறைவது வேறு இடத்தில். 'நாளைக்குப் போனால் நன்றாக இருக்கும்' என்று முன்கூட்டியே நினைத்து, அந்த நினைப்பில் எழுந்து சட்டையை மாட்டுகிறோமே, அந்த இடத்தில். ஆன் கிரிங் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-ல் இந்த இரண்டு மகிழ்ச்சிகளையும் தனித்தனியாக அளந்தார்கள். அனுபவிக்கும் நேரத்து மகிழ்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்க, எதிர்பார்க்கும் மகிழ்ச்சிதான் குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

உங்கள் அப்பா விவசாயி. அவருக்கு இதை இப்படிச் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணி வற்றவில்லை. ஃபுட்வால்வு கசிந்து பைப்பில் காற்று ஏறிவிட்டது. மோட்டாரை எத்தனை முறை போட்டாலும் தண்ணி எடுக்காது, சும்மா சுற்றும். மேலேயிருந்து நாலு குடம் ஊற்றி நிரப்பிப் போட்டால் எடுக்கும். கிணற்றைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு அப்பாவிடம் நான் இப்படிச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்பன்னா பையன் உள்ளுக்குள்ள இருக்கான்ங்களா?" என்று கேட்டார். இருக்கிறான்.

அந்தப் பைப்பில் காற்று ஏன் ஏறுகிறது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. ஜேம்ஸ் கோல்டு என்பவரின் குழு 2013-ல் ஒரு சோதனை செய்தது. கம்ப்யூட்டரில் பொத்தானை 20 முறை அழுத்தினால் 1 டாலர், 100 முறை அழுத்தினால் அதைவிட நல்ல தொகை, எது வேண்டும் என்று கேட்டார்கள். பரிசு பெரியது, கட்டாயம் கிடைக்கும் என்ற நிலையில் நாமெல்லாம் 100-ஐத் தேர்ந்தெடுப்போம். எதிர்மறை அறிகுறி அதிகமாக இருந்தவர்கள் அப்போதும் அந்தப் பெரிய உழைப்பைக் குறைவாகவே தேர்ந்தெடுத்தார்கள். பணம் வேண்டாம் என்று இல்லை. 'இவ்வளவு சிரமத்துக்கு இது தகும்' என்று மூளை போடும் கணக்கில் சிரமத்தின் பக்கம் கனம் கூடிவிடுகிறது. மனிதர்களோடு பழகுவது பொத்தான் அழுத்துவதைவிடப் பல மடங்கு சிரமம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அவர் மனதைப் படிக்க வேண்டும், பேச்சை வேகமாகப் புரிந்து பதில் சொல்ல வேண்டும். இந்த நோயில் இரண்டுமே மெதுவாகிவிடுகின்றன. நமக்கு ஒரு சீருக்கோ விசேஷத்துக்கோ போய்வருவது பொழுதுபோக்கு. அவனுக்கு அது ஒரு நாள் முழுக்க மஞ்சள் மூட்டை தூக்கியது போல.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நல்ல அனுபவம் அவனிடம் ஒட்டுவதில்லை. போன மாதம் மாமன் மகன் வந்தபோது அரை மணி நேரம் சிரித்துப் பேசியிருப்பான். இந்த வாரம் 'வா, அவன் வீட்டுக்குப் போகலாம்' என்றால் 'அங்க என்ன இருக்கு' என்பான். ஆனால் கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெரியவர் 'என்ன தம்பி, படிப்பை உட்டுட்டியாமா' என்று கேட்டது ஒரு வருடம் ஆனாலும் ஆறாமல் இருக்கும். பரிசிலிருந்து கற்றுக்கொள்வது மங்கி, அடியிலிருந்து கற்றுக்கொள்வது மட்டும் அப்படியே இருக்கிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. மூளையில் உள்ள டோபமின் என்ற ரசாயனத்தின் ஓட்டம் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இதன் மேல் ஒரு எண்ணம் வந்து படிகிறது. 'எப்படியும் சொதப்பத்தான் போகிறேன், எதற்குப் போக வேண்டும்.' 'பாதி செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம்.' எண்ணங்களைச் சரிசெய்து குணப்படுத்தும் அறிதிறன் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக் தன் கடைசிக் காலத்தில் இந்த எண்ணங்களைத்தான் பிடித்துக்கொண்டார். அவரும் பால் கிராண்டும் சேர்ந்து, மிகவும் முடங்கிப்போன 60 பேரை வைத்து நடத்திய 18 மாத ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அந்த எண்ணங்களையும் அவரவர் ஆசைகளையும் பிடித்துக்கொண்டு வேலை செய்தபோது மந்தம் குறைந்தது, அன்றாடச் செயல்பாடு கூடியது. பல வருடமாக நோயில் இருந்தவர்களுக்கே அப்படியென்றால், 8 மாதம் ஆன உங்கள் தம்பிக்கு நான் நம்பிக்கை வைக்காமல் இருக்க முடியாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். இந்த மாத்திரைகள் பெரும்பாலும் மூளையில் டோபமினை வாங்கிக்கொள்ளும் டி2 என்ற ஏற்பியை அடைத்து வேலை செய்கின்றன. சுமார் 65 சதவீதம் அடைபட்டால் குரல் அடங்கத் தொடங்கும், 80 சதவீதத்தை நெருங்கினால் கைகால் இறுக்கம் வரும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அளவு கூடினால் முகம் இறுகும், நடை மெதுவாகும், உள்ளுக்குள் எதுவும் தோன்றாதது போல ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் எது, மருந்து எது என்று பிரித்தே சொல்ல முடியாது. காலையில் 10 மணி வரைக்கும் தூக்கம் சொக்குகிறதா, கை நடுங்குகிறதா, நடக்கும்போது கை வீசாமல் விறைப்பாக இருக்கிறதா, உடம்பு ரொம்பப் போட்டுவிட்டதா என்று பாருங்கள். எடை போட்டதால் வெட்கப்பட்டு வெளியே வராத பையன்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய சட்டை ஒன்றும் சேராது, அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், நேரத்தை மாற்றுவார், வேறு மாத்திரை பார்ப்பார். அந்த முடிவு அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

மனச்சோர்வையும் பாருங்கள். எதிர்மறை அறிகுறியும் மனச்சோர்வும் வெளியே ஒன்று போலத் தெரியும். ஆனால் சோர்வில் இருப்பவர் தன்னையே குறை சொல்வார், அழுவார், விடியற்காலையில் விழித்துக் கிடப்பார். தனக்கு என்ன நடந்தது, என்ன போயிற்று என்று புத்தி தெளிந்து புரிகிற இந்த முதல் சில வருடங்களில்தான் தற்கொலை அபாயம் அதிகம். 'நான் இருந்து என்ன ஆகுது' என்று ஒரு முறை சொன்னாலும் சும்மா விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரி நேரமாக இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். சந்தேகம் உண்மையிலேயே போய்விட்டதா, இல்லை சொல்லாமல் வைத்திருக்கிறானா என்பதையும் டாக்டர் தனியாகப் பேசிப் பார்க்கட்டும். ஆட்களை நம்ப முடியாமல் ஒதுங்குவது வேறு விஷயம், அதற்கு வைத்தியமும் வேறு.

அப்புறம், நம் ஊர் அமைப்பு. நாம் ஊருக்குள் தெருத்தெருவாக இல்லை. ஒவ்வொரு குடும்பமும் அவரவர் தோட்டத்தில், பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் வண்டி எடுக்க வேண்டும். தெருவில் இருக்கும் பையன் வாசலில் வந்து நின்றாலே நாலு பேரைப் பார்த்துவிடுவான், அதற்கு உந்துதல் ஒன்றும் வேண்டியதில்லை. தோட்டத்தில் இருப்பவனுக்கு ஒவ்வொரு முகமும் ஒரு பயணம். மேலே சொன்ன சிரமக் கணக்கில் இது பெரிய தொகை. ஆறு மாதம் வெளி ஆள் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஒரு பையன் நம் தோட்டத்தில் இருந்துவிட முடியும், அது யார் கண்ணிலும் படாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ஒறம்பரை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றீர்கள். ஆரம்பத்தில் அந்தக் கதவைச் சாத்தியது யார்? நோய் முற்றியிருந்த நாட்களில், 'யாரும் பாத்துட்டா பேச்சாயிரும், நீ உள்ள இரு சாமி' என்று அம்மா சொல்லியிருக்கலாம். உங்கள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். நான் போன பெரும்பாலான வீடுகளில் சொல்லியிருந்தார்கள், பாசத்தினால்தான் சொன்னார்கள். ஆனால் அவன் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருப்பான். 'இப்ப வெளிய வந்து உட்காரலாம் கண்ணு, யார் வந்தாலும் பரவால்லை' என்று அம்மா தன் வாயால் ஒரு முறை சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் முதலில் கேட்பது 'வீட்டில் மாடு இருக்கிறதா' என்றுதான். பால் சொசைட்டியைப் போல ஒரு நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உங்கள் தம்பி வயதுப் பையன், ஒரு வருடம் ரூமை விட்டு வரவில்லை. முதல் வாரம் அவன் செய்ய வேண்டியதெல்லாம் பால் கேனை அப்பா வண்டி வரைக்கும் கொண்டுவந்து வைப்பது மட்டும். இரண்டாவது வாரம் பின்னால் உட்கார்ந்து சொசைட்டி வரைக்கும் போவான், இறங்க வேண்டியதில்லை. அப்புறம் இறங்கி கேனைப் பிடித்துக்கொள்வது, அப்புறம் ஊற்றுவது, அப்புறம் பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் பார்த்து நோட்டில் எழுதுவது. யாரும் அவனை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் தலையசைப்பார்கள், செயலாளர் 'வந்தியா தம்பி' என்பார், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பையன் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பேக்கரியில் நின்று டீ குடிக்க ஆரம்பித்ததாக அவன் அம்மா சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏன் இது வேலை செய்கிறது என்று பாருங்கள். நேரம் நிச்சயம், காலையும் சாயங்காலமும் தப்பாது. அதே முகங்கள், புதிதாக யாரையும் படிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் முடியும். கையில் கேன் இருப்பதால் 'நான் இங்கே எதற்கு வந்தேன்' என்ற கேள்வி எழாது. மாடு கத்தும், பால் கெட்டுப்போகும், அதனால் எழுந்து போவதற்கான உந்துதலை அவன் உள்ளுக்குள்ளிருந்து தேட வேண்டியதில்லை, வெளியே இருந்தே வந்துவிடுகிறது. நாலு குடம் தண்ணி ஊற்றுவது என்றேனே, அது இப்படித்தான். மாடு இல்லாவிட்டால் சந்தையில் வெண்டைக்காய் மூட்டை இறக்குவது, கோயிலில் பூ கொண்டுபோய்க் கொடுப்பது, தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஒரே ஆளோடு தினமும் நடப்பது என்று ஏதாவது ஒன்று. சிறியதாக, அதே நேரத்தில், அதே ஆட்களோடு, கையில் ஒரு வேலையோடு இருந்தால் போதும்.

இதோடு சேர்த்து ஒரு சின்னப் பழக்கம், என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உதவியிருக்கிறது. கிளம்புவதற்கு முன் கேளுங்கள்: "எப்படி இருக்கும்னு நினைக்கறே, பத்துக்கு எத்தனை?" அவன் 2 என்பான். அதைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், "எப்படி இருந்துச்சு?" பெரும்பாலும் 4 அல்லது 5 என்பான். பக்கத்தில் எழுதுங்கள். வாதம் செய்யாதீர்கள், 'பாத்தியா நான் சொன்னேன்ல' என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்களை அவன் கையில் கொடுங்கள். அவன் மூளை ஒட்டவைக்க மறுக்கும் நல்ல அனுபவத்தைத் தாள் ஒட்டவைத்துக்கொள்கிறது. இதைப் போன்ற முறைகளில் எதிர்பார்க்கும் மகிழ்ச்சிக்கான பயிற்சியைச் சில மருத்துவக் குழுக்கள் நடத்துகின்றன. எங்கேயாவது 6 போட்டிருந்தால் அங்கே யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தை அவன் திரும்ப மனதில் ஓட்டிப் பார்ப்பதும் பயிற்சிதான்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரல் நின்று இரண்டு மாதமே ஆன ஒரு பையனைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு அனுப்பச் சொன்னேன். முழு ஷிஃப்ட். வேலை இருந்தால் ஆள் சரியாவான் என்று நினைத்தேன். மிஷின் சத்தம், சூப்பர்வைசர் அவசரம், சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து 'எந்த ஊரு, என்ன படிச்சே' என்ற விசாரணை. மூன்றாவது நாள் வந்துவிட்டான். அதன் பிறகு ஒரு வருடம் என்னோடுகூடப் பேசவில்லை. கம்பெனி மேல் குறை இல்லை, அவனுக்கு அரை மணி நேரம் தாங்கும் என்ற இடத்தில் நான் எட்டு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டேன். 'அவனை ஏதாச்சும் ஒரு வேலைக்கு அனுப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் இப்போதும் அந்தப் பையன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதற்காக வேலையும் படிப்பும் வேண்டாம் என்று இல்லை. அமெரிக்காவில் 34 மையங்களில், முதல் முறை நோய் வந்த 404 பேரை வைத்து நடந்த ரெய்ஸ் என்ற ஆய்வில் மருந்து, குடும்பத்துக்கு விளக்கம், தனி ஆலோசனை, படிப்பு-வேலைக்குக் கூட நிற்பது என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் வாழ்க்கைத் தரத்திலும் படிப்பு, வேலைக்குத் திரும்புவதிலும் முன்னேறினார்கள். நோய் தொடங்கிச் சீக்கிரம் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். தம்பிக்குப் பாக்கி இருக்கும் அரியரில் ஒரே ஒரு பேப்பரை எழுதச் சொல்லி ஆரம்பிக்கலாம், அதுவும் அவனே கேட்டால்.

அப்பா திட்டுவதைப் பற்றி. லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற சமூகவியலாளர் 1950-களிலிருந்தே ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில், குறை சொல்லும் பேச்சு, வெறுப்பு, அளவுக்கு மீறிய பாசப் பிடிப்பு இருந்த வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. பிறகு சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, நம் குடும்பங்களில், குறிப்பாகக் கிராமங்களில், அந்தக் கடுமை லண்டனைவிட நன்றாகக் குறைவாக இருந்தது. நம் வீடுகளில் பொறுமை இருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான். ஆனால் அந்தப் பொறுமை குரல் கேட்ட நோயாளிக்குத்தான் கிடைக்கிறது, சும்மா படுத்திருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. நோய் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறோம், குணம் என்று நினைத்தால் திட்டுகிறோம். ஆகவே அப்பாவுக்கு அறிவுரை சொல்வதைவிட, அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போய், 'இதுவும் நோய்தான்' என்பதை டாக்டர் வாயால் கேட்க வையுங்கள்.

பாசப் பிடிப்பும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். தட்டத்தை ரூமுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, துணியைத் துவைத்து மடித்து வைப்பது, பக்கத்திலேயே உட்கார்ந்து 'என்ன யோசிக்கறே' என்று நாலு தடவை கேட்பது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டை மட்டுமாவது ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், எல்லோரும் உட்காரும் இடத்தில் போடுங்கள். அவன் பேச வேண்டியதில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

கேட்கும் விதமும் முக்கியம். 'நோம்பிக்கு வர்றியா?' என்றால் பதில் 'வரலை'தான். கேள்வி வந்ததும் அவன் மூளை சிரமக் கணக்கைப் போட ஆரம்பித்துவிடும். 'பொழுதோட கம்பத்துக்கிட்ட நானும் மாமன் மகனும் நிப்போம், நீ பத்து நிமிஷம் நின்னுட்டு வந்துரலாம், நான் வண்டியில கொண்டாந்து உட்டர்றேன்' என்று முடிவையும் சேர்த்தே சொல்லுங்கள். எப்போது திரும்பலாம் என்று தெரிந்தால்தான் போக முடியும். பறைச் சத்தமும் கூட்டமும் தாங்கவில்லை என்றால் எட்ட நின்று பார்க்கட்டும், கிளம்பலாம் என்றால் உடனே கிளம்புங்கள், வாக்கைக் காப்பாற்றுங்கள். 'என்ன தம்பி பண்ணீட்டு இருக்கே' என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதிலை வீட்டிலேயே தயார் பண்ணி, நீங்கள் பெரியவர் போலக் கேட்டு, அவன் சொல்லிச் சொல்லிப் பழகட்டும்: "உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க, இப்பப் பரவால்லைங்க, தோட்டத்தைப் பாத்துக்கறேன்." பொய்யும் இல்லை, மேலே கேட்கவும் இடமில்லை. இந்த ஒரு வாக்கியம் கையில் இருந்ததால் மண்டபத்துக்குள் போக முடிந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பர்களில் ஒருவரை மட்டும் பிடியுங்கள், அவனுக்குப் பழைய நாளிலிருந்து நெருக்கமான ஒருவன். போன் வேண்டாம், வாட்ஸப்பில் ஒரு படமோ கிரிக்கெட் செய்தியோ வாரத்துக்கு இரண்டு முறை அனுப்பச் சொல்லுங்கள், பதில் வராவிட்டாலும். பதில் போடுவதற்கு நாள் கணக்கில் நேரம் எடுப்பான், போடுவான். நோய்க்கு முன்னால் அவன் எதில் ஆசையாக இருந்தான் என்பதையும் தோண்டிப் பாருங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரையும் மாடும் பார்க்க ஓடுகிற பையனாக இருந்தால், நோம்பியை விட்டுவிட்டு அங்கே ஒரு காலை வேளை கூட்டிப்போங்கள், கூட்டம் சேருவதற்கு முன்னால்.

கல்யாணம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவரோடு பழகுவதற்கே சிரமப்படுபவனுக்கு ஒரே நாளில் புது மனிதர், புது உறவுகள், புது எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் தூக்கி வைப்பது அது. நோயை மறைத்துச் செய்தால், 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்க இடமிருக்கிறது. அதைவிட, வரும் பெண்ணுக்கு அது துரோகம். இந்த நோய் உள்ள எத்தனையோ பேர் பிற்பாடு நல்லபடியாகக் கல்யாணம் செய்து வாழ்கிறார்கள். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் மருத்துவர்கள், முதல் முறை நோய் வந்த 90 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானோர் நாம் பயப்படுவதைவிட நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். தம்பியும் தன் காலில் நின்று, தானே ஆசைப்பட்டு, எதிர்த் தரப்புக்கு எல்லாம் தெரிந்து நடக்கட்டும். சின்னம்மாவிடம் 'இப்ப வேண்டாம்னு டாக்டர் சொல்லீட்டாருங்க' என்று சொல்லிவிடுங்கள்.

செலவு கஷ்டமாக இருந்தால் கோவை, ஈரோடு மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் அடக்கம். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. அந்தச் சான்றுக்கு அளக்கும் நான்கு விஷயங்களில் ஒன்று ஆள் பழக்கம்தான். ஆனால் நோய் தொடங்கிக் கொஞ்ச நாளே ஆகியிருப்பதால் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறான், உடம்பு எடை எவ்வளவு, கை நடுக்கம் உண்டா, அழுகிறானா, வாரத்தில் எத்தனை முறை வீட்டு ஆளல்லாத ஒருவரைப் பார்த்தான். 'நல்லா இருக்கானுங்க' என்று சொல்லி மாத்திரை வாங்கி வருவதற்குப் பதில் இந்தத் தாளைக் கொடுங்கள். டாக்டர் கேள்வி கேட்டதும் நீங்களும் அம்மாவும் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அவன் வாயைத் திறக்க நேரம் எடுப்பான். எத்தனை நேரம் ஆனாலும் அவனே பேசி முடிக்கட்டும், நீங்கள் அப்புறம் பேசலாம்.